திருப்பி அனுப்பிய கேசரி

ஐந்து வருஷமாக ஜெபதாஸின் நெஞ்சில் ஒரு கேசரிச் சட்டி உட்கார்ந்திருந்தது. சமையல்காரனை வையலாம், அடிக்கக்கூடச் செய்யலாம். அவன் கிண்டி எடுத்துப்போன பண்டத்தை மூடியைத் திறக்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. ஜூடித் சிஸ்டர் அனுப்பினார்.

அது 1983. அமெரிக்காவில் மில்பிடாஸ் என்ற ஊரில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் ஜெபதாஸுக்கு அடுப்பு வேலை. ஜூடித் நாசரேத்துக்காரர். வேலூரில் நர்சிங் படித்துவிட்டு வந்து, சான் ஹோசேயில் அமெரிக்கப் பூர்வகுடி மக்களுக்கான ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தார். அங்கே வந்துபோகும் லொரெய்ன் என்ற நவஹோ இனப் பெண்மணி, தன் இனத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து ஓட்டப்பந்தயக் குழு ஒன்று நடத்தினார். வேன் இருந்தது, ஓட்ட ஆள் இல்லை. சர்ச் வாசலில் ஜெபதாஸை மடக்கினார் ஜூடித்.

"சனிக்கிழமை காலைல சும்மாதான இருக்கீங்க, அண்ணாச்சி?"

"தூங்குவேன்."

"அது ஒரு வேலையா? வந்து வேனை எடுங்க."

எடுத்தார். பூங்காவில் பிள்ளைகள் ஓட, சல்வார் கமீஸும் கேன்வாஸ் ஷூவுமாக நாற்பது வயது ஜூடித்தும் பின்னால் ஓடுவார். எப்போதும் கடைசி.

"முடியலன்னா உக்காரலாம்ல, சிஸ்டர்?"

"நான் கடைசியா வந்தா, வேற எந்தப் பிள்ளையும் கடைசி இல்ல."

அந்தக் கோடையில் பிள்ளைகள் முதல் கோப்பையை வாங்கினார்கள். ஜெயித்த பிள்ளைக்கு இனிப்புக் கொடுக்காதவன் மனுஷனா? நெய் மிதக்க, முந்திரி வறுத்துப் போட்டு, சட்டி நிறையக் கொண்டுபோனார். பதினாறு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க ஜூடித் சொன்னார்: "இத வேனுக்கே கொண்டு போயிருங்க, அண்ணாச்சி."

அடுத்த வாரம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று வேனில் உம்மென்று உட்கார்ந்திருந்தவரிடம் லொரெய்ன் வந்தார். இவருக்குப் புரியட்டும் என்று இங்கிலீஷை மெதுவாகப் பேசினார். அவர் தம்பிக்கு முப்பத்துநாலு வயது. சுகர் வந்து கண் போய்விட்டது. எங்கள் மண்ணில் சோளமும் பீன்ஸும் விளைந்தன, பிறகு சர்க்கார் வெள்ளை மாவும் டப்பாக் கொழுப்பும் கொடுத்தது, அதைத் தின்று வளர்ந்தோம் என்றார். இந்தப் பிள்ளைகளுக்காவது அப்படி ஆகக் கூடாது என்றுதான் ஓடவைக்கிறாராம்.

ரேஷன் என்றால் என்னவென்று ஜெபதாஸுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை கொண்டைக்கடலையை ஊறப்போட்டார்.

சுண்டலில் மக்காச்சோளமும் சேர்த்திருந்தார். ஒரு நெட்டைப் பெண் உற்றுப் பார்த்து, கறுப்பாகக் கிடப்பது பூச்சியா என்று இங்கிலீஷில் கேட்டது.

"கடுகு. தின்னு பாரு," என்றார் தமிழில். தின்றது.

மூன்றாம் வாரம் சட்டியைச் சுரண்டினார்கள். ஜூடித்தும் ஒரு கரண்டி வாங்கித் தின்றார். இப்போதாவது நல்லாருக்கு என்று ஒரு வார்த்தை வரும் என்று ஜெபதாஸ் வேறெங்கோ பார்த்தபடி நின்றார்.

"உப்பக் குறைங்க, அண்ணாச்சி."

அவ்வளவுதான். பிறகு தேங்காயைக் குறைக்கச் சொன்னார். அப்புறம் எண்ணெயை. அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவேயில்லை.

"ஒரு பாராட்டும் இல்ல. எதுக்குத்தான் போறீங்க?" என்று வீட்டில் மனைவி அமலி கேட்பாள்.

"நான் நின்னுட்டா அந்தம்மா ஜெயிச்சிரும்."

இப்படியே 1988 வந்தது. ஜூடித்துக்கு ஹூஸ்டனில், தங்கை வீட்டுப் பக்கத்திலேயே வேலை கிடைத்தது. கடைசிச் சனிக்கிழமை வழக்கம்போல் கடைசியாக ஓடிவந்தார். பூச்சியா என்று கேட்ட நெட்டைப் பெண் இப்போது சின்னதுகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். அன்று சுண்டல் அள்ளிப் போட்டதும் அவள்தான்.

ஜூடித் வேன் பக்கம் வந்து, இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நாளைக்கு மத்தியானம் ஃபிளைட்டு, அண்ணாச்சி. ஒண்ணு கேப்பேன், செய்வீங்களா?"

"இன்னும் உப்பக் குறைக்கணுமா?"

"அன்னைக்கு ஒரு கேசரி கிண்டுனீங்களே. மூடியத் தாண்டி வந்த அந்த மணம் அஞ்சு வருஷமா மூக்கை விட்டுப் போகல. சின்ன டப்பால கொஞ்சம் போட்டுத் தாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பிள்ளைங்க கண்ணுல படாம."