லாரன்ஸ் அண்ணன் குடித்ததில்லை

தருவைகுளத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. “லாரன்ஸ் போயிட்டான். எத்தன தடவ சொன்னோம், குடிய விடுன்னு” என்றார் பேசியவர். சாவையும் தீர்ப்பையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கையிலிருந்த மீனைக் கூடையிலேயே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

துறைமுக இழுவைப்படகுகளில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் படகின் இன்ஜின் டிரைவர் அவர். கிறிஸ்துமஸ் கேக்கில் ஒயின் வாசம் அடித்தாலே தள்ளிவைத்துவிடுவார். இளவயதிலிருந்தே வயிற்றுவலி. வலி வந்தால் இன்ஜின் அறை ஏணியில் பாதி இறங்கும்போதே மடங்கி உட்கார்ந்துவிடுவார். மேலே நின்றவர்கள், “சரக்கு ஏத்திட்டு வந்துருக்கான்” என்று சிரிப்பார்கள். “சிரிக்கட்டும்லே. வலிக்குன்னு சொன்னா ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான்” என்பார்.

போன வருடம் அவர் கண்கள் மஞ்சளாயின. சிறுநீர் கடுங்காப்பி போலப் போனது. உடம்பெங்கும் அரிப்பு. தேங்காய் நாரால் முதுகைத் தேய்த்துக்கொண்டு, சட்டையில் இரத்தக் கோடுகளோடு வேலைக்கு வருவார். “ஒங்க மதினி தாலிக்கு மஞ்ச வாங்க வேண்டாம்லே, என் கன்னத்துல ஒரசினாப் போதும்” என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

திருநெல்வேலிக்கு அவருடைய தமையன் பிலிப்பும் நானும் அழைத்துப் போனோம். பல வருட அழற்சியில் கணையம் இறுகி, அதனூடே போகும் பித்தக்குழாயை நெரிக்கிறது என்றார் மருத்துவர். குடிக்காதவர்களுக்கும் இது வரும் என்று பிலிப்பின் முகத்தைப் பார்த்தே சொன்னார். அடைப்புக்குள் சிறிய குழாய் ஒன்றை வைத்தார்கள். சில மாதங்களில் அதை மாற்றியாக வேண்டும், நடுவில் காய்ச்சல் கண்டால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

மஞ்சள் இறங்கியது. குடியை நிறுத்தியதால் இறங்கியதாகப் பிலிப் ஊரெல்லாம் சொன்னார். குழாயை மாற்றும் நாளுக்கு முன்பே நடுக்கும் காய்ச்சலோடு மஞ்சள் திரும்பியபோது, தம்பி மறுபடி குடித்துவிட்டான் என்றார். அந்த வீட்டில் பிலிப் வைத்ததே சட்டம். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அண்ணன் மனைவி ஸ்டெல்லா மதினி காலைப் பிடித்துக் கெஞ்சியும் கேட்காமல், குடி மறக்கவைக்கும் ஜெபவீடு ஒன்றில் கொண்டுபோய் விட்டார்.

காய்ச்சலில் அண்ணனின் பல் கிட்டிப்போயிருக்கிறது. சாராயத்தை நிறுத்தினால் இப்படித்தான் நடுங்கும் என்றார்களாம் அங்கே. டாக்டரிடம் கொண்டுபோங்கள் என்று அவர் அழுதபோது, “குடிகாரன் பேச்சு, விடிஞ்சா போச்சு” என்று கதவைச் சாத்தியிருக்கிறார்கள். மதினி எங்களைத் திரட்டிக்கொண்டு போய்ச் சண்டைபோட்டு மீட்டபோது, அடைத்த குழாய்க்குப் பின்னால் தேங்கிய பித்தம் சீழாகி, நஞ்சு இரத்தத்தில் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தார்.

அடக்கப் பூசையில் சாமியார், இளைஞர்கள் இந்தச் சாவைப் பார்த்துத் திருந்த வேண்டும் என்று பிரசங்கம் செய்தார். முன்வரிசையில் மதினி எழுந்து நின்றார். “சாமி, அவுக குடிச்சதே இல்ல” என்றார். பிலிப் மதினியின் தோளைப் பிடித்து உட்காரவைத்து, “துக்கத்துல பேசுதா” என்றார். பிரசங்கம் தொடர்ந்தது.

அண்ணன் பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. அதைத்தான் வைத்திருக்கிறேன்:

“குடிச்சிருந்தா விட்டுருப்பேன்லே. இல்லாதத எப்படி விட?”