பந்து என்னை அடிக்கவில்லை

எனக்குக் காலால் அவ்வளவு விளையாட வராது. தலையால் அடிப்பேன். கொக்கிளாயில் உதைபந்தாட்டக் கழகம் என்னை வைத்திருந்தது அதற்காகத்தான். கோர்னர் கிடைத்தால், பின்னுக்கு நிற்கும் என்னை முன்னுக்குக் கூப்பிடுவார்கள். காலையில் கடலுக்குப் போய் வந்து, பின்நேரம் தலையடி பழகுவேன். சின்ன வயதில் தொடங்கியது. இப்போது வயது போனவர்களின் அணியிலும் அந்த வேலைக்கு நான்தான்.

போன வருடம் மறதி வந்தது. படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் எடுக்கப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். மனைவி சிரித்தாள். அடுத்தடுத்த முறை சிரிக்கவில்லை.

அந்த நேரம்தான் பல்கலைக்கழகத்தில் இருந்து ஒரு பெண் டொக்டர் வந்தார். இளம் பிள்ளை. பழைய விளையாட்டுக்காரரின் தலைகளைப் பற்றி ஆராய்ச்சியாம். பல வருடம் திரும்பத் திரும்ப அடிபட்டால் மூளையில் ஒரு வருத்தம், ஒரு நோய், மெல்ல மெல்ல வளருமாம். கழகத்துக் கொட்டிலில் கதிரை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். இனி விளையாட விடுவார்களா? ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் நாயாற்றுக்காரரோடு ஆட்டம் இருந்தது.

"தலையில அடிபட்டிருக்கோ, ஐயா?"

"இல்லை."

"ஒருக்காலும்?"

"ஒருக்காலும் இல்லை, பிள்ளை."

பக்கத்தில் இருந்த மனைவி விடவில்லை. "இவர் சின்னனில இருந்து தலையால பந்தடிக்கிறவர், டொக்டர்."

"அது நான் அடிச்சது," என்றேன். "அவ கேட்டது அடிபட்டதையெல்லோ?"

டொக்டர் பேனையை வைத்துவிட்டுச் சிரித்தார். "நீங்கள் பந்தை அடிச்சா, பந்தும் உங்களை அடிக்கும் ஐயா. அதைத்தான் கேக்கிறன்."

அப்படி நான் யோசித்ததே இல்லை. எனக்கு முன் போனவர்களும் இதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரையும் திரும்பக் கூப்பிட வேண்டி வந்தது. வெளியில் ஒரே சிரிப்பு.

பிறகு சில சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னார். பாதி வந்தது. மனைவி இடையில் எடுத்துக் கொடுக்கப் பார்த்து ஏச்சு வாங்கினாள்.

"அப்ப எனக்கு அந்த வருத்தமோ?"

"இப்ப சொல்லேலாது, ஐயா. மறதி வேற காரணத்தாலயும் வரும். நிச்சயமாச் சொல்லுறதெண்டா, செத்தாப் பிறகு மூளையை எடுத்துத்தான் பாக்கவேணும்."

"உயிரோட இருக்கேக்கையே அங்க ஒண்டையும் காணேல்லை," என்றாள் மனைவி. "பிறகு எங்க தேடப்போறியள்?"

டொக்டருக்குச் சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "ஓடுங்கோ. விளையாடுங்கோ. தலையால மட்டும் அடியாதேங்கோ."

விளையாடலாம். சந்தோசம். ஆனால் தலை இல்லாமல் நான் என்னத்தை விளையாட?

ஞாயிற்றுக்கிழமை மனைவி கோட்டுக்கு வெளியில் நின்றாள், என் தலைக்குக் காவல். நாயாற்றுக்காரருக்கும் கதை போயிருந்தது. "மண்டையைப் பத்திரமா வைச்சிருங்கோ அண்ணை, ஆராய்ச்சிக்கு வேணும்!" என்று கத்தினார்கள்.

ஒருவரும் கோல் போடவில்லை. முடியப்போகும் நேரம் எங்களுக்கு ஒரு கோர்னர். கூப்பிட்டார்கள். பழக்கத்தில் போய் நின்றுவிட்டேன். பந்து நேரே என் நெற்றிக்கு வந்தது.

"குனியுங்கோ!"

மனைவியின் குரல். குனிந்தேன்.

நான் அடிப்பேன் என்று என்னையே பார்த்துக்கொண்டு நின்ற கீப்பர் அசையவில்லை. பந்து எனக்கு மேலால் போய், பின்னால் நின்ற எங்கள் ஆள் ஒருவனின் முழங்காலில் பட்டு உள்ளே உருண்டது.

எல்லோரும் என்மேல் வந்து விழுந்தார்கள். ஒருவன் தலையில் தட்டக் கை ஓங்கினான்.

"தலையில இல்லை!" மனைவி மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்துவிட்டாள்.

முதுகில் தட்டினார்கள். நன்றாக நொந்தது.