மைக்செட் கடையில் செய்த வாள்சண்டை மெஷின்

கபடி சொல்லிக்கொடுக்கிற உடற்பயிற்சி ஆசிரியைக்கு ஊரில் மரியாதை உண்டு; வாள்சண்டை சொல்லிக்கொடுக்கிறவளுக்கு, "அது எந்த நாடகத்துக்கு டீச்சர்?" என்ற கேள்விதான் உண்டு. யாரும் கேள்விப்படாத ஒரு விளையாட்டைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் சக பி.டி. டீச்சர்களே, இது உங்களுக்குத்தான். தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பட்ட பாடு. நீங்கள் பட்டதைவிட அதிகம் என்று சொல்லமாட்டேன். குறைவு என்று யாராவது சொன்னால் விடமாட்டேன்.

நாலு பேர் பார்க்காத குத்து

என்னிடம் பயின்ற பிள்ளைகளில் கெட்டிக்காரி ஜமீலா. மேலப்பாளையம். வாப்பா கைத்தறி நெசவாளர். அவள் பிளஸ் ஒன் படித்தபோது மாநிலப் போட்டிக்கு அழைத்துப்போனேன். அப்போது அங்கே குத்து பட்டால் விளக்கு எரிந்து காட்டும் மெஷின் கிடையாது. வாள் உடம்பில் பட்டதா இல்லையா என்று நாலு பேர் நாலு மூலையில் நின்று பார்த்துச் சொல்வார்கள். நடுவர் அதைக் கேட்டுப் புள்ளி கொடுப்பார்.

ஜமீலாவின் வாள் எதிராளியின் நெஞ்சில் பட்டு வளைந்ததைக் கடைசி வரிசையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்கூடப் பார்த்தார். பார்க்கவேண்டிய நாலு பேர் பார்க்கவில்லை. ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. எதிராளி பட்டணத்துப் பெண். அந்த நாலு பேரில் இரண்டு பேர் அவளைச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள்.

தோற்ற பிறகு ஜமீலா நடுவரிடம் போய், "பட்டுச்சு சார்" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இத்தனை பேரும் பொய்யா சொல்றோம்? அடுத்த வருஷம் மெஷின் வருது, அதுகிட்ட கேட்டுக்கோ, போ."

விரலுக்குத் தக்க வீக்கம்

கேட்டுக்கொள்வோம் என்று முடிவுகட்டினேன். ஜமீலாவுக்கு மிச்சம் இருந்தது பிளஸ் டூ என்ற ஒரே வருடம். போட்டியில் மெஷினை அவர்கள் வைப்பார்கள். மின்வாளும் அதன் ஒயரும் நம்முடையது. அந்த ஒயர் கைப்பிடியில் தொடங்கி, சட்டைக்குள்ளேயே ஓடி, முதுகு வழியாக வெளியே வந்து மெஷினுக்குப் போகும். அந்த ஒயர் வாலோடு சண்டை போட்டுப் பழகாத பிள்ளை அங்கே போய் நின்றால் தடுக்கி விழும். ஆகவே பழகுவதற்குப் பள்ளியிலும் ஒரு மெஷின் வேண்டும்.

தலைமையாசிரியை அம்மா விளையாட்டு நிதியில் ஒரு தொகை ஒதுக்கினார்கள். "இதுக்கு மேல கேட்டு என் ரூம் வாசல மிதிக்காதீங்க" என்று ஆசீர்வாதமும் செய்தார்கள். மதுரையிலிருந்து விளையாட்டுச் சாமான் விற்பனையாளர் வழவழப்பான கேட்லாக்கோடு வந்தார். அதில் இருந்த வெளிநாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கினால் என் பணம் மொத்தமும் தீர்ந்துவிடும். வாளும் இருக்காது, ஒயரும் இருக்காது. பெட்டியை நவராத்திரிக்குக் கொலுவில் வைக்கலாம்.

குறைந்த செலவில் வேறு வழி உண்டா என்று கேட்டேன். கேட்லாக்கை மூடிப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "விரலுக்குத் தக்க வீக்கம்தான் டீச்சர். இது பணக்காரங்க வெளையாட்டு. உங்க ஊருக்குக் கபடி நல்லா வரும்."

சரிகை சோதனை

அன்றைக்கு ஏறிய கோபம் ஒரு வருடம் இறங்கவில்லை. அந்தக் கோபத்தில் செய்த முதல் காரியம், ஒரு முட்டாள்தனம்.

நாங்கள் அதுவரை ஆடியது ஃபாயில் என்ற மெல்லிய வாள். அதில் நெஞ்சு, வயிறு, முதுகில் பட்டால்தான் புள்ளி. அந்த இடம் மெஷினுக்குத் தெரியவேண்டும் என்பதற்காக, உலோக இழையில் நெய்த மேல்சட்டை ஒன்று போடவேண்டும். அதன் விலையைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை. உலோக இழை என்றால் நம் ஊரில் அதற்குப் பெயர் சரிகை இல்லையா? டார்ச் பல்பு ஒன்று, பேட்டரிக் கட்டை இரண்டு, ஒயர் இரண்டு முழம் எடுத்துக்கொண்டு டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன்.

அசல் சரிகை என்று எடுத்துப் போட்ட பட்டுச்சேலையின் கரையில் இரண்டு ஒயரையும் வைத்தேன். பல்பு எரியவில்லை. அடுத்த சேலை, அதைவிட விலை அதிகம். எரியவில்லை. மூன்றாவதில் மின்மினி மாதிரி எரிந்தது. அதற்குள் என்னைச் சுற்றிப் பெண்கள் கூட்டம். கல்யாணச் சேலை வாங்கிப் பில் போட்ட ஒரு அம்மா பெட்டியைப் பிரித்து, "இதுக்கும் வச்சுப் பாருங்கம்மா" என்று நீட்டினார்கள். பணப்பெட்டியை விட்டு முதலாளி எழுந்தே வந்துவிட்டார்.

எனக்கு ஒரு காபி வரவழைத்தார். குடித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "காப்பி குடிச்சாச்சுல்லா டீச்சர்? அந்த பல்ப பைக்குள்ள போட்டுட்டு பைய நடையக் கட்டுங்க. முகூர்த்த மாசம், எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு."

வாப்பாவின் கேள்வி

விடுவேனா? நேரே மேலப்பாளையம். ஜமீலாவின் வாப்பா தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். நல்ல சரிகை வாங்கித் தந்தால் ஒரு சட்டைத் துணி நெய்து தருவீர்களா என்று கேட்டேன். இழையை ஓட்டிக்கொண்டே முழுக்கதையையும் கேட்டார். ஜவுளிக்கடை வந்ததும் தறியை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

பிறகு ஆகாது என்று தலையை ஆட்டினார். வேர்வை பட்டால் சரிகை கறுக்கும், வாள் பட்டால் இழை அறும், ஒரு மாதம் தாங்காது என்றார். நான் எழுந்துவிட்டேன். அவர் என்னைக் கையமர்த்திக் கேட்டார்: "நெய்யுதது எனக்குப் பெரிய சோலி இல்ல டீச்சர். ஆனா ஒண்ணு கேக்கேன். சட்டையே வேண்டாத வாளு ஒண்ணும் ஒங்க வெளையாட்டுல கெடையாதா?"

கொடைக்கு ஆயிரம் பல்பு

கிடையாதா? இருக்கிறது! எப்பே என்று கொஞ்சம் கனமான வாள். அதில் தலை முதல் கால் வரை எங்கே பட்டாலும் புள்ளி. முனை அமுங்கினால் விளக்கு எரியும், அவ்வளவுதான். சரிகையும் வேண்டாம், சட்டையும் வேண்டாம். எல்லாரும் ஃபாயிலில்தான் தொடங்குவார்கள் என்று நானும் செம்மறியாடு மாதிரி அதிலேயே நின்றிருக்கிறேன். படித்த எனக்குத் தோன்றாதது, தறிக்குழியில் இருந்தவருக்குத் தோன்றியது. வெட்கமாகத்தான் இருந்தது.

அன்றைக்கே வாளை மாற்றினேன். பணத்தையும் மாற்றிப் போட்டேன். போட்டிக்குக் கூட வரப்போவது வாளும் ஒயரும். அதில் கஞ்சத்தனம் கூடாது. நல்ல முனை வைத்த வாள் நாலு, ஒயர் நாலு அந்த மதுரைக்காரரிடமே வாங்கினேன். பள்ளியிலேயே கிடக்கப்போகிற பெட்டியை நாமே செய்துகொள்வது என்று, கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு விளக்கும் ஒலிபெருக்கியும் போடுகிற மைக்செட் இசக்கிமுத்து அண்ணாச்சியிடம் போனேன். இரண்டு விளக்கு, ஒரு சத்தம், முதலில் குத்தியவள் விளக்கு மட்டும் எரியவேண்டும் என்றேன். "கொடைக்கு ஆயிரம் பல்ப ஓட விடுதோம், ரெண்டு பல்புக்கா இம்புட்டு விசாரம்?" என்றவர், பழைய ஆம்ப்ளிஃபயர் கூடு ஒன்றில், பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடும்படி பத்தே நாளில் செய்து கொண்டுவந்தார். சிவப்பு, பச்சை பல்பு இரண்டும் ஏதோ ஒரு அம்மன் கொடையில் எரிந்தவை.

சத்தத்துக்கு அவர் வைத்திருந்தது மின்சார மணி. எங்கள் பள்ளி மணியும் அதே ஜாதி. மதியம் இரண்டரைக்கு ஜமீலா முதல் குத்து குத்தினாள். மணி கணகணவென்று அடித்தது. ஆறாம் வகுப்பு முழுவதும் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடியது. அவர்களைப் பிடித்து உள்ளே தள்ளுவதற்குள் இரண்டாவது குத்து. ஏழாம் வகுப்பு ஓடியது. தலைமையாசிரியை அம்மா மூச்சிரைக்க வந்து நின்றார்கள்: "ஒங்க பிள்ள ஒரு குத்து குத்துனா எனக்கு ஒரு வகுப்பு காலியாகுது. இன்னும் எத்தன குத்து டீச்சர் பாக்கி?"

உம்மாவின் வருத்தம்

மணிக்குப் பதில் ஆட்டோ ஹாரன் வைத்தோம். அதற்குள் மேலப்பாளையத்தில் "கரண்ட்டு வாள்" என்று பேச்சு பரவிவிட்டது. ஜமீலாவின் உம்மா பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்றார்கள். பெட்டியையும் பேட்டரியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன். இரண்டு ஒயரையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நடு வீட்டில் நின்றேன். உம்மாவையும் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

பயம் போயிற்று. முகம் மட்டும் தெளியவில்லை. என்னம்மா இன்னும் என்று கேட்டேன். உம்மா மெல்லக் கேட்டார்கள்: "அப்போ போன வருசம் நம்ம பிள்ளைய ஏமாத்தி ஜெயிச்சாள்லா, அவளுக்கும் ஷாக் அடிக்காதோ?"

எந்தக் கம்பெனி?

ஆட்டக்காரி முன்னே போனால் ஒயர் நீளவேண்டும், பின்னே வந்தால் சுருங்கவேண்டும். அதற்கு உள்ளே ஸ்பிரிங் வைத்த உருளைகள் கேட்லாக்கில் இருந்தன. கேட்லாக்கிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கிணற்றுக் கப்பி இரண்டு வாங்கி ஹால் உத்திரத்தில் மாட்டினேன். ஒயரை ஒரு கயிற்றோடு சேர்த்துக் கப்பி வழியாக விட்டு, கயிற்றின் மறுமுனையில் மணல் மூட்டை கட்டினேன். பிள்ளை பாய்ந்தால் மூட்டை ஏறும், பதுங்கினால் இறங்கும். பார்க்க நன்றாக இருக்காது. வேலை நன்றாக நடந்தது.

பெட்டிக்கு ஆர்டர் கிடைக்குமா என்று மதுரைக்காரர் ஒருநாள் மறுபடி வந்தார். பிள்ளைகள் ஆடுவதைக் கால்மணி நேரம் நின்று பார்த்தார். ஹாரன் அடிக்கிறது, சிவப்பு எரிகிறது, மூட்டை ஏறி இறங்குகிறது. போகும்போது உத்திரத்தை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "டீச்சர், அந்தக் கப்பி எந்தக் கம்பெனி?"

தரைக்குச் சட்டம்

ஒன்றில் மட்டும் நான் சறுக்கினேன். எப்பே வாள் எதில் குத்தினாலும் விளக்கு எரியும். தரையில் குத்தினாலும் எரியும். அதைத் தடுக்கத் தரை முழுவதும் உலோகத் தகடு விரித்துப் பெட்டியோடு இணைக்கவேண்டும். அதற்குப் பணம் கேட்டுத் தலைமையாசிரியை அம்மாவின் ரூம் வாசலை நான் மிதிக்கக்கூடாது. அதனால் ஒரு சட்டம் போட்டேன்: தரையில் குத்தி விளக்கு எரிந்தால் எதிராளிக்குப் புள்ளி. மூன்று மாதத்தில் ஜமீலாவின் வாள்முனை தரையைத் தொடுவதையே மறந்துவிட்டது. ஆனால் முதல் நாள் அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னது இது: "டீச்சர், தரை வாங்கக் காசில்லன்னா நேரா சொல்லுங்க. சட்டம் கிட்டம்னு பேசாதீங்க."

கேட்டுப் பழகியவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த வருடம் ஜமீலாவுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம்தான். அரையிறுதியில் அவளைவிட நன்றாக ஆடிய ஒரு பிள்ளையிடம் தோற்றாள். எதிராளி விளக்கு பளிச்சென்று எரிந்தது, நாங்களும் பார்த்தோம், அதில் எங்களுக்கு வருத்தமே இல்லை. நான் சொல்லவந்தது அதற்கு முந்தைய ஆட்டம்.

எதிரே அதே பட்டணத்துப் பெண். அவளும் எப்பேக்கு மாறியிருந்தாள். நடுவில் அதே நடுவர். ஆட்டத்துக்கு முன்னால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தாங்குகிறதா என்று வாள்முனையில் எடைக்கல் வைத்துச் சோதித்தார்கள்; எங்கள் வாள் இரண்டும் முதல் தடவையிலேயே தேறின. ஆட்டம் தொடங்கியது. ஜமீலா பாய்ந்தாள். எங்கள் பக்கம் பச்சை விளக்கு. ஜமீலா முகக்கவசத்தைத் தூக்கிவிட்டு, மரியாதையாகக் கேட்டாள்: "பட்டுச்சா சார்?" அவர் பட்டது என்று கை காட்டினார். அடுத்த புள்ளி. மறுபடி கவசத்தைத் தூக்கினாள். "பட்டுச்சா சார்?" ஒவ்வொரு விளக்குக்கும் கேட்டாள். ஐந்தாவது தடவை கூட்டத்தில் சிரிப்பு. எட்டாவது தடவை எதிராளிப் பெண்ணே சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. போன வருடம் விட்டுப்போன ஐந்தை எண்ணிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் புள்ளியும் பச்சையில் எரிந்தது, ஆட்டம் எங்களுடையது. ஜமீலா கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் கேட்டாள். நடுவர் பொறுமை இழந்து, "அதான் லைட் எரியுதேம்மா, என்னை எதுக்குக் கேக்கறே?" என்றார். ஜமீலா சொன்னாள்: "போன வருசம் லைட்டு இல்ல சார். ஒங்ககிட்டதான் கேட்டேன். அதே பழக்கம்."

ஆகவே சக தோழிகளே, கையில் காசு குறைவு என்றால் வாளை விலைக்கு வாங்குங்கள், பெட்டியை மைக்செட் அண்ணாச்சியிடம் செய்துகொள்ளுங்கள், பார்க்கிற கண்ணை மட்டும் யாரிடமும் இரவல் கேட்காதீர்கள்.