அடுப்பை அணைக்கச் சொன்ன கேசட்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டோடு இருந்த அந்தச் சங்கதியை மலேசியாவில் பேராக் மாநிலம் முழுக்கப் பரப்பிவிட்டவன் என் தம்பி.

எண்பதுகளின் தொடக்கம். ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்து, ஒரு வாடகை வீட்டில் நாங்கள் இருவரும் இருந்தோம். நான் தொழிற்சாலைக்குப் போனேன். அவனுக்கு லாரிப் பட்டறையில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த குசினி மேசைதான் அவனுடைய ஸ்டூடியோ. இரண்டு கேசட் பெட்டிகளில் மாற்றி மாற்றிப் பாட்டு ஓடும். சின்ன எலக்ட்ரானிக் கீபோர்டில் தாளம் போடுவான். எல்லாவற்றையும் ஒரே மைக்கில் பிடித்து மூன்றாவது பெட்டியில் பதிந்து டிஸ்கோ கேசட்டாக்கிவிடுவான்.

ஒரு ஞாயிறு, "சோத்தப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனேன். கருகல் வாடை. ஓடிவந்து, "டேய்! சோறு அடி புடிக்குது, அடுப்ப அணைடா எரும!" என்று கத்தினேன். அவன் பதிவில், தாளம் நிற்கும் இடம் பார்த்து என் குரல் போய் விழுந்துவிட்டது.

"அழிச்சிடுடா" என்று கெஞ்சினேன்.

"இதுதான்க்கா நல்லா வந்திருக்கு" என்றான் பாவி.

பட்டறை நண்பனுக்கு ஒன்று கொடுத்தான். அவன் இன்னொருவனுக்குப் பதிந்து கொடுத்தான். சில மாதத்தில் அது பாகான் செராய் வரை போய்விட்டது. சிம்பாங் பூலாய் பஸ்ஸில் ஒருநாள் டிரைவர் அதைப் போட்டார். தாளம் நின்றதும் பின் சீட்டுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, "அடுப்ப அணைடா எரும!" என்றார்கள். மானமே போயிற்று. ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

கேசட்டை எல்லாருக்கும் தெரியும். செய்தவனை ஒருவருக்கும் தெரியாது. அட்டையில் பெயர் எழுத அவனுக்குத் தோன்றவில்லை. யார் யாரோ தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். "போகட்டும்க்கா" என்பான். ஆனால் அப்படி ஒன்றைப் பார்த்த அன்றைக்குச் சரியாகச் சாப்பிடமாட்டான்.

பீடோரில் ஒரு கல்யாணத்துக்குப் பாட்டுப் போட, பட்டறை நண்பன் மூலம் முதல் தடவையாக அழைப்பு வந்தது. நானும் கூடப் போனேன். ஒயரெல்லாம் மாட்டி முடித்த பிறகு மாப்பிள்ளையின் மாமா வந்தார்.

"தம்பி, அந்த கேசட்டு செஞ்சவரு வேற ஆளுலா. அட்டையில பேரு இருக்கு. பொய் சொல்லிட்டா வந்த?"

சபை நடுவில் கேட்டார். என் தம்பி குனிந்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! மைக்கைப் பிடுங்கினேன். "டேய்! சோறு அடி புடிக்குது, அடுப்ப அணைடா எரும!"

அடுத்த நொடி, பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்தார்கள்.

"அலாமா! அந்த அக்காலா இது!"

மாமா சிரித்துவிட்டார். "கோவிச்சுக்காதப்பா, போடு" என்று அவன் முதுகில் தட்டி, மைக்கில் அவன் பெயரை இரண்டு தடவை சொன்னார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாட்டைப் போட்டான்.

திரும்பும்போது, "நீ திட்டலன்னா நான் யாருன்னே தெரிஞ்சிருக்காதுக்கா" என்றான்.

"அதுக்கென்ன, தெனமும் திட்டுறேன்" என்றேன்.