மன்றாட்டில் என் பெயர்

எங்கள் தெருவில் பதினாறு வீடுகள் சேர்ந்து ஒரு அன்பியம், அதாவது கோயில் பங்கின் சின்னச் செபக்குழு. புதன்கிழமை சாயங்காலம் ஏதாவது ஒரு வீட்டில் பெண்கள் கூடிச் செபமாலை சொல்வோம். கடைசியில் ஒவ்வொருத்தியாக மன்றாட்டு வைக்க வேண்டும். மகனுக்குக் கப்பலில் வேலை, மருமகளுக்குப் பிள்ளை, மூட்டுவலி, எதை வேண்டுமானாலும் வாய்விட்டுக் கேட்கலாம். எல்லோரும் சேர்ந்து “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்போம்.

அந்த வருஷம் என் கணவர் கப்பலேறி ஏழு மாதமாகியிருந்தது. மகளைக் கல்லூரி விடுதியில் விட்டாயிற்று. பெரிய காரணம் என்று எதுவும் இல்லை. காலையில் எழுந்திருப்பதே மலையாக இருந்தது. செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு, அடுப்பில் பால் வைக்கும்போதுகூட வந்து நின்றது. எனக்கே பயமாகிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னேன். இருபது வருஷச் சிநேகிதி. ஒரு சீலா மீனை வாங்கி இரண்டு வீட்டுக்கும் பங்குபோட்டுக் குழம்பு வைத்தவர்கள் நாங்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “ஏளா, நான் இருக்கேம்லா,” என்றாள். மறுநாள் எழுந்தபோது பாரம் பாதி குறைந்திருந்தது.

அடுத்த புதன்கிழமை, மன்றாட்டு நேரத்தில், அவள் கண்ணை மூடிக்கொண்டு என் பெயரைச் சொன்னாள். “சாவு நினைப்பில் தவிக்கும் எங்கள் சகோதரியை அந்தப் பாவத்திலிருந்து காப்பாற்றும், ஆண்டவரே.” அத்தனை பேரும் “கேட்டருளும்” என்றார்கள். நானும் சொன்னேன், வாய்ப் பழக்கம். அப்புறம்தான் உடம்பெல்லாம் கூசியது.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக் கேட்டேன்.

“செபந்தான பண்ணுனேன், அதுல என்னளா தப்பு?” என்றாள்.

மனதார அப்படித்தான் நம்பினாள். அதுதான் இன்றுவரை என்னை எரிக்கிறது. புறணி பேசியிருந்தால் நாலு வார்த்தை கேட்டுத் தீர்த்திருப்பேன். செபம் பண்ணினவளோடு எப்படிச் சண்டை போடுவது?

அக்டோபர் மாதம் மாதா சுரூபம் வீடு வீடாக வரும், ஒரு வீட்டில் ஒரு நாள். என் முறை வந்த அன்று வீட்டைக் கழுவிவிட்டு, சுண்டல் அவித்து வைத்து, வாசலில் நின்றேன். பாட்டுச் சத்தம் கிட்டே வந்தது, என்னைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் நுழைந்தது. சுரூபத்தைச் சுமந்துகொண்டு போனவள் என் சிநேகிதிதான். “ஒனக்கு மனசு சரியில்லேல்லா. எதுக்குச் செரமம்னு நாங்களே பேசி வச்சோம்,” என்றாள். பேசி வைத்திருக்கிறார்கள்! என்னைக் காப்பாற்றச் சொல்லி மன்றாடியவர்கள், என் வாசற்படியை மிதிக்கப் பயந்தார்கள். சுண்டலைக் கொல்லையில் கொட்டினேன்.

கணவர் வந்து டாக்டரிடம் கூட்டிப்போனார். மாத்திரையும் பேச்சுமாக, நான் தேறி வர ஒரு வருஷம் ஆனது. கோபம் மட்டும் ஆறவில்லை.

அதற்கடுத்த வருஷம், எதிர்வீட்டுக்கு வாழ வந்த பெண் ஒரு மத்தியானம் கைக்குழந்தையோடு என் அடுப்படியில் வந்து நின்றாள். ஊருக்குப் புதிசு, யாரோடும் அதிகம் பேசமாட்டாள்.

“அக்கா, மனசுல கெடக்கத யார்ட்டயாவது சொன்னா பாரம் கொறையுமாக்கா?”

எனக்குப் பழசெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. அவள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. “இந்தத் தெருவுலயா? செத்தாலும் யார்ட்டயும் வாயத் தொறந்துராத,” என்றேன். நல்ல புத்தி சொன்னதாகத்தான் நினைத்தேன். “சரிக்கா,” என்று குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு போனாள்.

பத்தாம் நாள் அவளை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்திருக்கிறாள், பிழைத்துவிட்டாள். தெருவே திரண்டு வந்திருந்தது. “ஒரு வார்த்த எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்லா,” என்றார்கள். என் சிநேகிதியும் அதையே சொன்னாள். உங்களிடமா என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. எல்லோரும் போகட்டும் என்று கட்டில் ஓரத்தில் காத்திருந்தேன்.

அவர்கள் போனதும் அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம்கூட இல்லை.

“அன்னைக்கு ஒங்ககிட்ட சொல்லத்தான்க்கா வந்தேன்.”

“இப்பச் சொல்லு தாயீ, நான் கேக்கேன்,” என்றேன்.

அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எழுந்து போகவில்லை.