கடைக்குள் கெட்டிமேளம்

கலியாண வீடுகளில் எங்கள் சனம் எதை எதைப் பெருமையாகச் சொல்லும் என்று எனக்கு மனப்பாடம். மகன் டொக்டர், மருமகன் பாங்கில், ஹரோவில் இன்னுமொரு வீடு. என் முறை வரும்போது நான் சொல்வது ஒன்றுதான்: என் கணவர் ஆங்கில வானொலியில் பேசியவர். கேட்பவர்கள் கண்ணை விரிப்பார்கள். "என்ன விஷயமாக் கதைச்சவர்?" என்று அடுத்த கேள்வி வரும். நிகழ்ச்சி நடத்திய அறிவிப்பாளன் அவரைப் பாதியில் வெட்டிவிட்டான் என்பதையும் நான் மறைக்காமல் சொல்வேன். அந்த இடத்தில் என் குரல் இறங்காது, இன்னும் ஏறும்.

லண்டன் வால்தம்ஸ்டோவில் பஸ் தரிப்பிடத்துக்கு நேர் முன்னால் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. பேப்பர், பால், பாண், சிகரெட், லொத்தர்ச் சீட்டு. மேல்மாடியில் வீடு. கடையைத் தொடங்கிய நாளிலிருந்து என் கணவருக்கு ஒரு கொள்கை இருந்தது: உள்ளே தமிழ் மணக்கவும் கூடாது, கேட்கவும் கூடாது. சாம்பிராணி என்றால் ஷட்டரை இழுத்த பிறகு. என் தாளிதம் கீழே இறங்காதபடி படிக்கட்டுக் கதவைத் துணி வைத்து அடைப்பார். "ஊரோடை ஒத்து ஓடவேணுமப்பா. வெள்ளைக்காரச் சனம் உள்ளை வந்தால் தங்கடை வீடு மாதிரி இருக்கவேணும்" என்பார். அதற்கு அவர் கண்டுபிடித்த மருந்துதான் ஆங்கிலப் பேச்சு வானொலி. விடிய ஷட்டர் ஏறும்போதே அந்த அறிவிப்பாளனின் வாயும் திறக்கும்.

அவனுடைய தொழில், அரசியல் பேச வாருங்கள் என்று சனத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு, வந்தவர்களைக் கடித்து அனுப்புவது. தனக்குப் பிடித்தவர் என்றால் தேன் ஒழுகப் பேசுவான். பிடிக்காதவர் என்றால் பேசவிட்டு, மூச்சு வாங்கும் இடம் பார்த்து அடிப்பான். ஒருமுறை முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற ஒரு பெண் கூப்பிட்டாள். எந்த நாட்டுக்காரி என்று தெரியாது, எங்களைப் போல வந்த ஒருத்தி. தான் குளிப்பாட்டுகிற கிழவர்களைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாள். அவளுடைய ஆங்கிலத்தைத் திருப்பி அதே இழுவையோடு சொல்லிக் காட்டி, கடைசியில் ஒரு கழுதைச் சத்தத்தைப் போட்டு லைனை வெட்டினான். நான் பால் போத்தல்களை அடுக்கிக்கொண்டு நின்றேன். ஆத்திரத்தில் அன்றைக்குப் பழைய பாலை முன்னுக்கும் புதிய பாலைப் பின்னுக்கும் வைக்க மறந்துவிட்டேன்.

"உவனை நிப்பாட்டுங்கோவன்" என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். "சனத்துக்கு விருப்பம்" என்பதுதான் பதில். எந்தச் சனத்திடம் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு ஆளுக்கு விருப்பம் என்பது மட்டும் உண்மை. அவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி. காலையில் பேப்பர் வாங்க வருவார், இன்றைக்கும் வருகிறார். கெட்ட மனிதர் இல்லை. கடைக்குள் குழாய் வெடித்தபோது தன் வீட்டிலிருந்து திருத்துகிற சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர். ஆனால் வானொலியைக் கேட்டுக்கொண்டு நின்று, "அவன் சொல்வது சரிதான், இவர்கள் எல்லாரும் களவாக வந்து ஏறுகிறார்கள்" என்று தலையை ஆட்டுவார். பிறகு என் கணவரைப் பார்த்து, "உன்னைச் சொல்லவில்லை, நீ வேறு" என்பார். என் கணவர் "யெஸ், யெஸ்" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் வேறு எங்கும் கண்டதில்லை. தோள் இரண்டும் கொஞ்சம் உள்ளே போகும், கை தன்பாட்டில் துணியை எடுத்துக் கவுண்டரைத் துடைக்கும்.

வேறு என்று சொல்ல என்ன இருக்கிறது? நான் பிளேனில் வந்தவள். கலியாணம் எழுதி, விசா குத்தி, கோழியா மீனா என்று கேட்டுச் சாப்பாடு தந்து கொண்டுவந்து இறக்கினார்கள். என் கணவர் அதற்கு முந்தி, வெங்காய மூட்டைகளுக்கு நடுவே லொறியில் வந்தவர். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்படித்தான். எங்களுக்குள்ளே அதைச் சொல்லிச் சிரிப்போம். கடைக்குள் யாராவது கேட்டால் மட்டும், "பிளேன், லோங் டைம் அகோ" என்பார்.

போன வருடம் மகளுக்குக் கலியாணம், வெம்பிளியில் மண்டபம். அவள் ஹவுன்ஸ்லோவில் இருக்கிறாள், விமான நிலையத்தில் வேலை. கலியாணத்துக்கென்று சேர்த்த பாட்டுகளை எல்லாம் ஒரு பிளேலிஸ்டாக்கி, கவுண்டருக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரில் பூட்டியிருக்கிற பழைய போனில் ஏற்றிவிட்டாள். வானொலி ஓடுவதும் அதே போனில்தான். "அப்பா, அந்த ஆளை விட்டிட்டு இதைக் கேளுங்கோ" என்றாள். அவரும் மகளுக்காக ஒரு பின்னேரம் போட்டுப் பார்த்தார். முதலில் முருகன் பாட்டு. அடுத்தது ஏதோ ஆங்கில டான்ஸ். அடுத்தது சிங்களப் பைலா ஆட்டப் பாட்டு. ஆடி மாதத்தில் யேசு பிறந்த நத்தார்ப் பாட்டு. அவருக்குத் தலை சுற்றியது.

"எதுக்கும் ஒரு வரிசை வேண்டாமே? காலமை சாமிப் பாட்டு, பின்னேரம் மற்றது" என்றார்.

"ஷஃபிள் எண்டால் அப்பிடித்தான் அப்பா. எது முதல் வாறதெண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள் மகள்.

அந்தக் கூட்டத்துக்குள் அவளுடைய கலியாணத்தின் கெட்டிமேளமும் இருந்தது. தாலி கட்டுகிற நேரம் யாரோ தோழி போனில் பிடித்தது. எங்களுக்குத் தெரிந்ததுதான்: தாலி ஏறும்போது யாராவது தும்மினாலும், வாய் தவறி ஒரு கூடாத சொல் சொன்னாலும் அது ஒருவர் காதிலும் விழக்கூடாது. அதற்குத்தான் ஐயர் கையைக் காட்டியதும் தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து வெளுத்து வாங்குவது. அதைக் கேட்டதும் என் கணவர் பாய்ந்து நிறுத்தினார். "கலியாண மேளத்தைக் கடைக்குள்ளை போடுறதே" என்று முகத்தைச் சுழித்தார். மறுநாள் பழையபடி வானொலி.

பிறகு வந்தது அந்தக் கிழமை. படகில் வருகிறவர்களைப் பற்றி அவன் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தான். ஒரு காலை சொன்னான்: "இவர்களில் ஒருவனாவது எப்படி வந்தேன் என்று உண்மையைச் சொல்லி நான் கேட்டதில்லை. ஒருவன் இருந்தால் எனக்குப் போன் எடுக்கட்டும்."

என் கணவர் துணியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நான் எடுக்கப்போறன்" என்றார்.

"உங்களுக்கென்ன விசரே? அவன் பதில் வேணுமெண்டே கேக்கிறான்? கடிக்கத்தான் கூப்பிடுறான்."

"கேட்டவனுக்கு மறுமொழி சொல்லவேணுமப்பா. ஒருத்தரும் சொல்லாட்டில் எல்லாரும் பொய்க்காரர் எண்டுதானே முடியும்."

இது எங்கள் ஆட்கள் மட்டும் விடுகிற பிழை. கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் அது கேள்விதான் என்று நம்பிவிடுவோம். அதோடு, இத்தனை வருடம் விடிய விடியக் கேட்ட குரல். அவனை ஏதோ வாடிக்கையாளர் என்று நினைத்தாரோ என்னவோ. மேலே போய் முகம் கழுவி, மகளின் கலியாணத்துக்குப் போட்ட வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு, தலையைச் சீப்பால் இழுத்து, இறங்கி வந்தார்.

"றேடியோவிலை சேட்டுத் தெரியுமே?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும்தானே" என்றார்.

எனக்கோ பயம். வானொலியில் வாங்கிக் கட்டுவது ஒரு பக்கம். நாளைக்கு இதே கவுண்டரில் நின்று இதே சனத்துக்குப் பேப்பர் விற்கவேண்டும். ஏற்கெனவே குனிந்த மனிதனை அவன் இன்னும் அமுக்கிவிட்டால் பிறகு யார் நிமிர்த்துவது?

கடையின் தொலைபேசியைக் கவுண்டரில் வைத்து, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். கடைக்குள் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண் மட்டும் பால் எடுத்துக்கொண்டு நின்றாள். மறுமுனையில் வானொலி நிலையத்துப் பெண் ஒருத்தி மரியாதையாகப் பேசி, எங்கள் வானொலியை நிறுத்தச் சொன்னாள். நான் நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவனுடைய குரல், எங்கள் கவுண்டருக்குள்ளேயே வந்து நின்றது. பேசியதெல்லாம் ஆங்கிலத்தில்தான், நான் தமிழில் சொல்கிறேன்.

"சொல்லுங்கள் ஐயா, எப்படி வந்தீர்கள்?"

"லொறியில். வெங்காய மூட்டைக்குள்."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. பிறகு குரலில் குஷி ஏறியது. "ஆக, களவாக வந்தீர்கள்."

"ஒளிந்து வந்தேன். இறங்கியதும் நானே பொலிசிடம் போய்ச் சொன்னேன்."

"நல்லவர்கள் வரிசையில் நிற்கும்போது நீங்கள் அவர்களைத் தாண்டி வந்தீர்கள்."

"ஐயா, எங்கள் ஊரில் ஷெல் விழுந்தபோது வரிசை இருக்கவில்லை. இருந்திருந்தால் நின்றிருப்பேன். எனக்கு வரிசை என்றால் நல்ல விருப்பம்."

நான் கையைத் தட்டாத குறை. ஆத்திரமில்லாமல், பால் முடிந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் அவனுக்குச் சுட்டிருக்கவேண்டும். பிறகு அவன் அவரைப் பேசவிடவில்லை. அவர் சொன்ன "லொறி"யை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினான். இத்தனை வருடம் இருந்தும் இதுதானா உன் ஆங்கிலம், யாராவது மொழிபெயர்க்க இருக்கிறீர்களா என்று சிரித்தான். உன்னை அந்த மூட்டைக்குள்ளேயே கட்டித் திருப்பி அனுப்பியிருக்கவேண்டும், ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டான்.

நான் என் கணவரைப் பார்த்தேன். காது சிவந்திருந்தது. கை துணியைத் தேடி எடுத்துவிட்டது. தோள் உள்ளே போகத் தொடங்கியது. அந்த "யெஸ், யெஸ்" அவருடைய வாயில் வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. பழக்கம், வேறொன்றுமில்லை. ஆனால் ஊர் முழுக்கக் கேட்க அவர் அதைச் சொல்லிவிட்டால், எங்கள் இரண்டு பேருக்கும் அது சாகும்வரைக்கும் போதும்.

என் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது அந்தப் பழைய போன் மட்டும். மகளின் பிளேலிஸ்டை அமுக்கி, சத்தத்தை முழுக்க ஏற்றினேன். நத்தார்ப் பாட்டு வந்திருக்கலாம், பைலா வந்திருக்கலாம், ஷஃபிளுக்கு என்ன தெரியும். வந்தது கெட்டிமேளம்.

தவில் இடித்த இடியில் சொக்லேட் தட்டு அதிர்ந்தது. தள்ளுவண்டிப் பிள்ளை கண்ணை விழித்துப் பார்த்தது. தொலைபேசிக்குள் அவன் கத்தினான்: "என்ன சத்தம் அது?"

என் கணவர் துணியைக் கீழே வைத்தார். தோள் விரிந்தது. மணவறையில் நின்ற மாதிரி நின்றார்.

"அது என் மகளின் கலியாண மேளம்" என்றார். "எங்கள் ஆட்கள், கூடாத சொல் காதில் விழக்கூடாது என்றால் இதை அடிப்பார்கள்."

லைன் வெட்டுப்பட்டது. அதற்குப் பிறகு அவன் எங்களைப் பற்றி என்ன சொன்னான் என்று எங்களுக்குத் தெரியாது. மேளம் முடியும்வரைக்கும் யாரும் அதை நிறுத்தவில்லை. பால் வாங்க வந்த பெண் கவுண்டருக்கு வந்து, அந்த வானொலிக்காரனின் குரலைக் கேட்கப் பிடிக்காமல்தான் தான் மற்றக் கடைக்குப் போவது வழக்கம் என்றாள். நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். சனத்துக்கு விருப்பமாம்.

மகள் வேலையிடத்திலிருந்து போன் எடுத்தாள். யாரோ சொல்லி வானொலியைக் கேட்டிருக்கிறாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அவர் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: "என்ரை இங்கிலிஷ் விளங்கினதே பிள்ளை?"

"எல்லாம் விளங்கினது அப்பா" என்றாள். அப்போதுதான் அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். என் மனுசனைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு பெருமை.

மறுநாள் விடிய ஷட்டரை ஏற்றிவிட்டு அவர் அந்தப் போனுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வாய்க்கு அது பெரிய சாதனை. பிறகு பிளேலிஸ்டை அமுக்கினார். வந்தது, கலியாண மண்டபத்தில் இளசுகள் நிலத்தில் விழுந்து ஆடிய குத்துப் பாட்டு. முகத்தைச் சுழித்தார், ஆனால் மாற்றவில்லை.

அந்த நேரம் பஸ் சாரதி உள்ளே வந்தார். ஸ்பீக்கரைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். பேப்பரை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

"நேற்றுக் கேட்டேன்" என்றார். "அவன் கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டான். ஆனால் அவன் உன்னைச் சொல்லவில்லை. உனக்கே தெரியும், நீ வேறு."

என் கணவர் சிரிக்கவில்லை. துணியையும் தேடவில்லை.

"இல்லை" என்றார். "என்னைத்தான் சொன்னான். நீங்கள் சொல்லும்போதும் என்னைத்தான் சொல்லுகிறீர்கள்."

கோபமில்லாத குரல். சொல்லிவிட்டு, எப்போதும்போலப் பேப்பரை மடித்து நீட்டினார். அந்த மனிதர் அதை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு வெளியே போனார்.

கதவு சாத்துப்பட்டதும் என் கணவர் என் பக்கம் திரும்பினார்.

"உந்தப் பாட்டின்ரை சத்தத்தைக் கொஞ்சம் கூட்டும்" என்றார்.