ஆடிக்கு முன்னால் வந்த குட்டி

நல்ல நாய்க்குட்டி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் விழுப்புரத்தில் எல்லோரிடமும் ஒரு போன் நம்பர் இருக்கிறது. விற்கிறவர் நல்ல ஆளா என்று கேட்டால் டீயைக் குடித்துவிட்டு எழுந்துபோகிறார்கள். இரண்டு மாதம் நான் இப்படிக் கேட்டுக்கொண்டு அலைந்தேன். என் ஜெராக்ஸ் கடைக்குப் பட்டா நகலெடுக்க வந்தவர்களைக்கூட விடவில்லை.

அவ்வளவு பயம் எனக்கு. போன வருஷம் ஆனி கடைசியில் ஒரு லேப்ரடார் குட்டி வாங்கினோம். ஒன்பதாம் நாள் அதைப் புதைத்தோம். பார்வோ என்கிற கிருமி என்றார் டாக்டர். ரத்தமாகக் கழிந்தது, டிரிப்ஸ் ஏற்றியும் நிற்கவில்லை, என் மனைவியின் மடியிலேயே உயிர் போயிற்று. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் சத்தம் போட்டு அழவில்லை. குட்டி படுத்திருந்த துண்டைத் துவைத்து மடித்து, பீரோவில் என் சட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். தினமும் காலையில் சட்டை எடுக்கும்போது அந்தத் துண்டு கையில் படும்.

இந்த வருஷம் சித்திரையில் அவளே பேச்சை எடுத்தாள். "இன்னொரு வாட்டி பாக்கலாங்க. ஆனா இதுவும் போச்சுன்னா என்னால தாங்க முடியாது. நல்லா விசாரிச்சு, நல்ல எடமா பாருங்க."

போன தடவை விற்றவன் நாற்பத்தைந்து நாள் குட்டி என்று பொய் சொல்லி ஏமாற்றிவிட்டான் என்று அவள் நம்பியிருந்தாள். அப்படி நம்பவைத்தவன் நான். உண்மையில் குட்டிக்கு முப்பது நாள்தான் என்று அவன் ஒளிக்காமல் சொன்னான். "இன்னும் பால் மறக்கலை சார், ஒரு பதினைஞ்சு நாள் போவட்டும்" என்றும் சொன்னான். நான்தான் கேட்கவில்லை. "அதுக்குள்ள ஆடி பொறந்துடும்பா. ஆடியில வீட்டுக்குப் புதுசா எதையும் கொண்டார மாட்டோம். ஜல்தியா குடு" என்று நச்சரித்தேன். துணிக்கடைத் தள்ளுபடியைத் தவிர வேறெதற்கும் ஆடி ஆகாத குடும்பம் எங்களுடையது. அவனும் சரியென்று பஸ் ஸ்டாண்டில் ஓர் அட்டைப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். தாயைப் பார்க்கவில்லை, ஊசி போட்டாயா என்று கேட்கவில்லை. பஞ்சாங்கத்தை மட்டும் ஒழுங்காகப் பார்த்தேன்.

அதனால் இந்த முறை எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். ஒருவர் தாய் நாயின் படம் அனுப்பினார். அதே படம், அதே உடைந்த நீலப் பக்கெட்டோடு, வேறொருவர் விளம்பரத்திலும் இருந்தது. இன்னொருவர் வம்சாவளிச் சான்றிதழ் காட்டினார். இருபது வருஷம் நகலெடுத்தவனிடம் அது செல்லுமா? காகிதத்தின் மடிப்பு விழுந்த கோடு, குட்டியின் பெயர் இருந்த இடத்தில் மட்டும் காணாமல் போயிருந்தது. பழைய பெயரின்மேல் துண்டுக் காகிதம் ஒட்டி எடுத்த நகல். மூன்றாமவரிடம் தாயைப் பார்க்க வருகிறேன் என்றேன். அதோடு அவர் போனை எடுக்கவில்லை.

கடைசியில் கால்நடை டாக்டர்தான் சொன்னார். "திண்டிவனத்துல ஒரு டீச்சர் அம்மா இருக்காங்க. ஒரே ஒரு தாய்தான் வச்சிருக்காங்க. ஆனா லேசுல குட்டி குடுக்க மாட்டாங்க."

போன் செய்தேன். விலையைப் பற்றி அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், மொட்டை மாடியில் கட்டிப்போடுவீர்களா என்று என்னைத்தான் கேட்டார். "ரெண்டு பேருமா வாங்க. பெட்டி கிட்டி எதுவும் எடுத்தாராதீங்க. பாத்துட்டுப் போவத்தான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். மயிலம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி வீடு. கேட்டுக்கு உள்ளே ஒரு தட்டில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். செருப்பை வெளியிலேயே விட்டு, அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நான் இரண்டு முறை நனைத்தேன். தாய் நாய் வந்து எங்களை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தது. ஆறு குட்டிகள். ஒவ்வொன்றின் எடையும் நோட்டில் வாரவாரியாக எழுதியிருந்தது. குறை கண்டுபிடிக்கவே போனவனுக்கு ஒரு குறையும் அகப்படவில்லை. அதில் ஒரு குட்டி என் மனைவியின் பாதத்தின்மேல் தலையை வைத்துத் தூங்கிப்போயிற்று. அவள் காலை அசைக்கவே இல்லை.

அப்போதுதான் டீச்சர் கேட்டார். "உங்க வீட்ல இதுக்கு முன்னாடி நாய் வளத்திருக்கீங்களா? குட்டி எதுனா செத்திருக்கா?"

"இல்லீங்க மேடம்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. உண்மையைச் சொன்னால் கொடுக்க மாட்டாரோ என்ற பயம். மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு காலடியில் கிடந்த குட்டியைப் பார்த்தாள்.

"அப்ப சரி. இப்ப நாப்பத்தெட்டு நாளு ஆவுது. பத்து நாள்ல வந்து எடுத்துக்கினு போங்க. ஆடிக்கு முன்னாடியே ஆயிடும்" என்றார் டீச்சர்.

ஆடிக்கு முன்னாடி. போன வருஷம் நானும் இதைத்தான் சொன்னேன். எங்கள் வீட்டுத் தோட்டத்தில், கறிவேப்பிலைச் செடிக்குக் கீழே அந்தக் குட்டி வாந்தியெடுத்த இடம் கண்முன் வந்தது. இந்தக் குட்டியும் அங்கேதான் மண்ணை மோந்துகொண்டு ஓடும். நல்ல ஆளைத் தேடி இரண்டு மாதம் அலைந்தவன், கிடைத்த நல்ல ஆளிடம் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

"மேடம், ஒரு குட்டி செத்துச்சு. போன வருஷம். பார்வோ" என்றேன்.

டீச்சர் கோபப்படவில்லை. நோட்டை மூடினார். "எத்தினி நாள் குட்டியா எடுத்தாந்தீங்க?"

என் மனைவி முந்திக்கொண்டாள். "நாப்பத்தஞ்சு நாளுன்னு பொய் சொல்லிக் குடுத்துட்டான் மேடம், பாவி."

"இல்ல. முப்பது நாளு. அவன் சொன்னான். ஆடி வந்துடும்னு நான்தான் அவசரப்படுத்தினேன்" என்றேன். டீச்சரைப் பார்த்துத்தான் சொன்னேன். பக்கத்தில் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

பிறகு டீச்சர் என் மனைவியிடம் பேசினார். "அந்தக் கிருமி லேசுல சாவாதும்மா. மண்ணுல ஒரு வருஷம்கூட இருக்கும். வீடு வாசல் எல்லாம் பிளீச்சிங் போட்டுக் கழுவுங்க. அந்தக் குட்டியோட துணி கிணி இருந்தா எரிச்சுடுங்க. எல்லா ஊசியும் முடியற வரைக்கும் இது எங்கிட்டயே இருக்கட்டும். ஆனா நட்ட நடு ஆடியாப் பூடும். வாங்கிக்குவீங்களா?"

"வாங்கிக்கிறோம்" என்றாள் அவள். என்னைக் கேட்கவில்லை.

பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும், முன்னால் போய் ஒரு பூக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் தோட்டத்தைக் கழுவினோம். நான் தண்ணீர் ஊற்ற, அவள் துடைப்பத்தால் தள்ளினாள். பிறகு உள்ளே போய் அந்தத் துண்டை எடுத்துவந்தாள். நான் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. அவளே மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். எரிந்து முடிந்ததும் சொன்னாள்: "முப்பது நாளுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா, வேணாம், கொண்டுபோய் வுட்டுட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன். ஆடியாவது ஒண்ணாவது."

வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

ஆடி பாதியில் திண்டிவனம் போனோம். டீச்சர் குட்டியையும் ஊசிப் புத்தகத்தையும் கொடுத்தார். குட்டியை அவள் வாங்கிக்கொண்டாள், புத்தகத்தை நான். "பொறந்த தேதிய சத்தமா படிங்க" என்றாள். படித்தேன். "தொண்ணூத்தேழு நாளு ஆவுது" என்று நானே கணக்கும் சொன்னேன்.

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குட்டியை இடது கையில் அணைத்தபடி, வலது கை விரல்களின் கணுக்களைக் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு, உதடு அசைய எண்ணினாள். டீச்சரும் நானும் காத்துக்கொண்டு நின்றோம். எண்ணி முடித்ததும், "சரியாத்தான் இருக்கு" என்று குட்டியிடம் சொன்னாள்.